லூப் போட்டால் என்ன தப்பு?

மேட்லாப் கற்றுக்கொள்ள உட்கார்ந்த யாருக்கும் முதல் சில வகுப்புகளுக்குள்ளேயே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: "ஃபார் லூப் போடாதே, ஸ்லோ ஆயிடும்." ஏன் ஸ்லோ, எவ்வளவு ஸ்லோ, எல்லா லூப்புமா ஸ்லோ என்று இரண்டாவது கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "வெக்டரைஸ் பண்ணு" என்று மட்டும் வரும். இப்படிப் பயமுறுத்தி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பிறகு ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். நான்கு வரியில் எவருக்கும் விளங்கும்படி எழுதக்கூடிய லூப்பை ஒரே வரியில் எவருக்கும் விளங்காதபடி மடக்கி எழுதிப் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கே விளங்குவதில்லை.

"அண்ணே, இதுல இருக்கற லூப்பைத் தூக்கிக் குடுங்க, ராத்திரி பூரா ஓடுது" என்று புரோகிராமோடு வருபவர்கள் எனக்கு வழக்கமான விருந்தாளிகள். திறந்து பார்த்தால் பல சமயம் லூப் ஒரு பாவமும் செய்திருக்காது. குற்றவாளி பக்கத்திலேயே நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருப்பான். அந்தக் குற்றவாளிகளைப் பற்றியும், தூக்கவே முடியாத லூப்புகளைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில், இந்த லூப் வெறுப்பு எங்கிருந்து வந்தது?

1970களின் கடைசியில் கிளீவ் மோலர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். லின்பேக், ஐஸ்பேக் என்று இரண்டு ஃபோர்ட்ரான் தொகுப்புகள் அப்போது பிரபலம். சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க ஒன்று, ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்க இன்னொன்று. இரண்டின் உருவாக்கத்திலும் மோலருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவற்றைப் பயன்படுத்த ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுத வேண்டும். மாணவர்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாமே என்று அவர் எழுதிக்கொடுத்த சின்னக் கருவிதான் மேட்லாப். அதில் இருந்த ஒரே தரவு வகை மேட்ரிக்ஸ். தனி எண் என்பதும் அதற்கு ஒன்றுக்கு ஒன்று மேட்ரிக்ஸ்தான். பிறகு ஜாக் லிட்டிலும் ஸ்டீவ் பேங்கர்ட்டும் அதை சி மொழியில் திருப்பி எழுத, 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் மேட்லாபிலேயே ஃபார், வைல் இரண்டும் இருந்தன. லூப் யாரோ பின்னாளில் கொண்டுவந்து நுழைத்த அந்நியப் பொருள் இல்லை, வீட்டுப் பிள்ளைதான்.

பிரச்சினை வேறிடத்தில் இருந்தது. மேட்லாப் ஓர் இன்டர்ப்ரெட்டர். நீங்கள் எழுதிய வரியை ஓடும் நேரத்தில்தான் படித்துப் புரிந்துகொள்ளும். ஒரு லட்சம் எண்களை லூப் போட்டுக் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் "இது என்ன பெயர், எங்கே இருக்கிறது, என்ன வகை, என்ன அளவு, இந்த இரண்டையும் கூட்டலாமா, விடையை எங்கே வைப்பது" என்று அத்தனை விசாரணையும் நடக்கும். விசாரணை முடிந்தபின் நடக்கும் உண்மையான வேலை ஒரே ஒரு கூட்டல். அதே ஒரு லட்சம் எண்களை மொத்தமாக 'சம்' என்ற கட்டளையிடம் கொடுத்தால் விசாரணை ஒரே ஒரு தடவை. அதன்பின் உள்ளே ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட இயந்திர மொழி லூப் ஒன்று தடையில்லாமல் ஓடி முடித்துவிடும்.

கவனியுங்கள், அங்கேயும் லூப் இருக்கிறது! வெக்டரைஸ் செய்வது என்றால் உங்கள் லூப்பை இன்னொருவர் சி-யிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதிவைத்த லூப்பிடம் ஒப்படைப்பது. இதை மட்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் பாதி மூடநம்பிக்கை வளர்ந்தே இருக்காது.

(லூப்பே இல்லாமல் எழுதுவதைக் கொள்கையாகவே வைத்திருந்த ஒரு பரம்பரையும் உண்டு. கென்னத் ஐவர்சனின் ஏபிஎல். 1962இல் புத்தகமாக வந்த அந்தக் குறியீட்டு முறையில் 1 முதல் 100 வரை கூட்டுவதற்கு மொத்தம் ஏழு எழுத்துகூடத் தேவையில்லை. ஐவர்சனுக்கு 1979இல் டூரிங் விருது கிடைத்தது. அந்த மொழியின் அழகு வேகத்தில் இல்லை, கணக்கை மொத்தமாக நினைத்துப் பார்க்கச் சொல்வதில் இருக்கிறது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

அந்த விசாரணைச் செலவும் இன்று பழைய மாதிரி இல்லை. 2002இல் வந்த மேட்லாப் 6.5 பதிப்பில் ஜிட் வந்தது. அதாவது ஓடும்போதே லூப்பை இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி. 2015இன் இரண்டாம் பதிப்பில் அந்த எஞ்ஜினையே முழுசாக மாற்றினார்கள். எளிய எண்களை வைத்து எழுதிய லூப்பை இன்றைய மேட்லாப் பல நேரம் வெக்டர் வடிவத்துக்கு அருகிலேயே ஓட்டிவிடுகிறது. ஆர் மொழியிலும் 2017இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து லூப்புகள் தானாகவே பைட்கோடாக மாறுகின்றன. மேட்லாபுக்கு இலவச மாற்றான ஆக்டேவ் இன்னும் பழைய பாணி இன்டர்ப்ரெட்டர்தான். அங்கே அந்த அறிவுரைக்கு இன்றும் அர்த்தம் இருக்கிறது. பைத்தானில் நம்பை அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக லூப்பில் தொடுவது எல்லாவற்றையும்விட மோசம். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு புதுப் பைத்தான் பொருள் உருவாகும். அதனால் சாதாரண லிஸ்ட்டைவிடவே மெதுவாகப் போகும்.

ஜூலியா இதற்கு நேர் எதிர்க் கட்சி. ஜெஃப் பெசான்சன், ஸ்டெஃபான் கார்பின்ஸ்கி, வைரல் ஷா, ஆலன் எடல்மன் நால்வரும் 2012இல் அறிமுகப்படுத்திய மொழி, 1.0 பதிப்பு 2018 ஆகஸ்டில் வந்தது. அதில் நீங்கள் எழுதும் லூப்பே கம்பைல் ஆகிவிடும் என்பதால் அங்கே லூப்புக்குத் தீட்டு கிடையாது. மேட்லாபிலிருந்து போனவர்கள் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் வெக்டராக்கி, இடையில் தேவையில்லாத தற்காலிக அணிகளை உருவாக்கி, லூப்பைவிட மெதுவாக ஓட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே நிபந்தனை, லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுத வேண்டும். வெளியே குளோபல் மாறிகளை வைத்து எழுதினால் ஜூலியாவும் பாட்டி நடை நடக்கும்.

இனி குற்றவாளிகள்.

முதல் ஆள், லூப்புக்குள் வளரும் அணி. காலி அணி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதன் கடைசியில் ஒரு எண்ணை ஒட்டுவது. எழுத சுலபம், பார்க்க அழகு. ஆனால் அணி என்பது நினைவகத்தில் தொடர்ச்சியான ஓர் இடம். ஒரு எண் கூடினால் பெரிய இடமாக வேறொன்று பிடித்து, பழையது எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்து, அப்புறம்தான் புதிய எண்ணை வைக்க முடியும். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வாங்கும்போதெல்லாம் குடும்பத்தோடு வேறு வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. ஒரு லட்சம் சுற்று ஓடினால் மொத்தம் எத்தனை எண்கள் நகலாகும்? 1, 2, 3 என்று ஒரு லட்சம் வரை கூட்டிப் பாருங்கள்: சுமார் 500 கோடி. நமக்குத் தேவைப்பட்டதோ ஒரு லட்சம் எழுத்து வேலை மட்டும்.

மருந்து ஒரே வரி. லூப்புக்கு முன்னாலேயே பூஜ்ஜியங்களால் நிரப்பிய முழு அளவு அணியை ஒதுக்கிவிட்டு, உள்ளே அந்தந்த இடத்தில் எழுதிக்கொண்டே போவது. மேட்லாபின் எடிட்டரே இதைக் கண்டுபிடித்துக் கீழே கோடு போட்டு எச்சரிக்கும். நம் ஆட்கள் அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிந்தைய பதிப்புகளில் இப்படி வளரும் அணிகளுக்குக் கொஞ்சம் சலுகை காட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நம்பையிலும் மேத்தமெட்டிகாவின் 'அப்பெண்ட் டூ' கட்டளையிலும் அதே பழைய குடிபெயர்ப்புதான். ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று என்னிடம் வரும் புரோகிராம்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். சொல்லப்போனால் பல நாள் இரண்டாவதாக எதையும் தேட வேண்டியிருந்ததில்லை.

இரண்டாவது ஆள் கொஞ்சம் மறைந்து நிற்பவன். லூப்புக்குள் லூப் எழுதும்போது எதை வெளியே வைப்பது, எதை உள்ளே வைப்பது என்ற கேள்வி. பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் மேட்ரிக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அது சதுரம். நினைவகத்தில் சதுரம் என்று ஒன்று கிடையாது, நீளமான ஒரே கோடுதான். மேட்லாப், ஆர், ஜூலியா மூன்றும் ஃபோர்ட்ரான் வழியில் முதல் நெடுவரிசையை மேலிருந்து கீழாக அடுக்கி, அதன் பின்னால் இரண்டாவது நெடுவரிசையை அடுக்கும். நம்பை இயல்பாக சி வழியில் கிடைவரிசை கிடைவரிசையாக அடுக்கும்.

பிராசஸர் நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுத்து வருவதில்லை. பொதுவாக 64 பைட் கொண்ட ஒரு துண்டாக அள்ளி வரும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்பதால் ஒரே அள்ளலில் 8 எண்கள். மேட்லாபில் நெடுவரிசை வழியே இறங்கினால் அந்த எட்டும் அடுத்தடுத்துப் பயன்படும். கிடைவரிசை வழியே நடந்தாலோ ஒவ்வொரு அடியும் 80,000 பைட் தாவல். அள்ளி வந்ததில் ஒன்றைத் தொட்டுவிட்டு மிச்சம் ஏழையும் வீசிவிட வேண்டியதுதான். கூட்டல் எண்ணிக்கை அதேதான், விடை அதேதான், லூப்பும் அதே இரண்டு லூப்தான். இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டதும் வேகம் பல மடங்கு மாறும். காரணம் தெரியாதவர்கள் "பார்த்தீங்களா, லூப்னாலே இப்படித்தான்" என்பார்கள்.

வெக்டரைஸ் செய்வதற்கும் விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் உள்ள தூரம் தெரிய வேண்டும், ஆனால் கடைசியில் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் இருப்பது எது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒரு கணக்கு. ஒரே வரியில் எழுதினால் இருபதாயிரத்துக்கு இருபதாயிரம் அணி உருவாகும். 40 கோடி எண்கள், 320 கோடி பைட். இடைப்பட்ட கணக்குகளுக்கு அதே அளவில் இன்னும் ஓரிரண்டு. லேப்டாப் மூச்சுத் திணறி ஹார்ட் டிஸ்க்கைத் துழாவ ஆரம்பிக்கும். புள்ளிகள்மீது ஒரு லூப், உள்ளே அந்த ஒரு புள்ளியிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் தூரம் மட்டும் வெக்டராக என்று எழுதினால் ஒரு சமயத்தில் இருபதாயிரம் எண்களுக்கு மேல் இடம் தேவைப்படாது. என்னைக் கேட்டால் நல்ல எண்கணக்கு புரோகிராம் பெரும்பாலும் இந்தக் கலப்பு வடிவத்தில்தான் இருக்கும்: வெளியே லூப், உள்ளே வெக்டர்.

ஒவ்வொரு மென்பொருளின் லூப்புக்கும் சில கோணல் புத்திகள் உண்டு. தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு நாள் தலைவலி மிச்சம்.

மேட்லாபின் ஃபார் லூப் எண்கள்மீது ஓடுவதில்லை, நெடுவரிசைகள்மீது ஓடுகிறது. 10, 20, 30 என்று கிடையாக எழுதிக் கொடுத்தால் மூன்று சுற்று. அதையே மேலிருந்து கீழாக அடுக்கிக் கொடுத்தால் ஒரே சுற்று. மாறியில் மூன்று எண்களும் மொத்தமாக வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். ஐ, ஜே என்ற எழுத்துகள் அங்கே கற்பனை எண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை. சி மொழிப் பழக்கத்தில் ஐ என்று லூப் மாறி வைத்தால், பின்னால் வரும் சிக்கல் எண் கணக்கில் கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் இருக்க வேண்டிய இடத்தில் லூப்பின் கடைசி எண் நிற்கும். மின்னியல் மாணவர்கள் இதில் விழுவது அதிகம்.

ஆரில் ஒன்றிலிருந்து நீளம் வரை என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். தரவு காலியாக இருந்தால் நீளம் பூஜ்ஜியம். ஒன்றிலிருந்து பூஜ்ஜியம் வரை என்றால் மேட்லாப் "ஒன்றுமில்லை" என்று புரிந்துகொண்டு லூப்புக்குள்ளேயே நுழையாது. ஆர் அதை இறங்குவரிசை என்று எடுத்துக்கொண்டு 1, 0 என்று இரண்டு சுற்று ஓடிவிடும். இதற்காகவே 'சீக் அலாங்' என்று தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். சலிக்காமல் அதையே எழுதுங்கள்.

மேத்தமெட்டிகாவின் ஃபாரில் சி மொழியில் அரைப்புள்ளி வரும் இடத்தில் காற்புள்ளியும், காற்புள்ளி வரும் இடத்தில் அரைப்புள்ளியும் வரும். போதாக்குறைக்கு, லூப் முடிந்த பிறகும் அந்த மாறி கடைசி மதிப்போடு அப்படியே இருக்கும். பத்து வரி தள்ளி அதே எழுத்தை ஓர் இயற்கணிதக் கோவையில் பயன்படுத்தினால் அங்கே அந்தக் கடைசி எண் வந்து நிற்கும். அதனால் அங்கே 'டூ' அல்லது 'டேபிள்' பயன்படுத்துவதே மரியாதை. அவை மாறியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது எல்லாம் தூக்கலாமா, தூக்கினால் லாபமா என்று யோசிக்கக்கூடிய லூப்புகள். ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதவை. ஆயிரம் எண்களின் சைன் மதிப்பு வேண்டும் என்றால் ஐந்நூறாவதை முதலில் போட்டாலும் ஒன்றுதான், கடைசியில் போட்டாலும் ஒன்றுதான். இப்படிப்பட்டதை வெக்டராக்கலாம், நான்கு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், கிராபிக்ஸ் கார்டுக்கும் அனுப்பலாம். இன்னொரு ஜாதி இருக்கிறது. அதில் இந்தச் சுற்றின் விடை இல்லாமல் அடுத்த சுற்று தொடங்கவே முடியாது. நியூட்டன் முறையில் மூலம் தேடுவது, வானிலைக் கணிப்பு, கடன் தவணை எல்லாம் இந்த ஜாதி. இங்கே லூப்பைத் தூக்குகிறேன் என்று மல்லுக்கட்டுவது பொதுவாக வீண்வேலை. இங்கே கவலைப்பட வேண்டியது வேகத்தைப் பற்றியும் இல்லை. ஒரு சுற்றில் நுழைந்த சின்னப் பிழை அடுத்த சுற்றுக்கு முதலீடாகப் போகும் என்பதைப் பற்றி.

இதைக் காட்ட எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பிரான்ஸ் நாட்டு ஜான்-மிஷெல் முல்லர் உருவாக்கிய ஒரு தொடர். முதல் எண் 2. இரண்டாவது −4. அடுத்த எண் வேண்டுமா? 111இலிருந்து ஆரம்பியுங்கள். 1130ஐ கடைசி எண்ணால் வகுத்துக் கழியுங்கள். 3000ஐ கடைசி இரண்டு எண்களின் பெருக்கற்பலனால் வகுத்துக் கூட்டுங்கள். அவ்வளவுதான். மூன்றாவது எண் 18.5 வரும். நான்காவது 9.378 சொச்சம். இப்படியே இறங்கிக்கொண்டே போய் 6ஐ நெருங்க வேண்டும். காகிதத்தில் நிரூபிக்கலாம், சந்தேகமே இல்லாமல் 6.

மேட்லாபிலோ ஆக்டேவிலோ பைத்தானிலோ லூப் போட்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒழுங்காக 7க்குக் கீழே வரும், 6.2, 6.1 என்று நெருங்கும். பதின்மூன்று, பதினான்காவது சுற்றுவாக்கில் திடீரென்று முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். இருபது சுற்றுக்குள் 100க்குப் போய் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் ஆயிரம் சுற்று ஓட்டினாலும் 100தான். புரோகிராமில் தப்பு இல்லை. எச்சரிக்கை இல்லை. விடையும் தள்ளாடாமல் உறுதியாக நிற்கிறது. விஷயம் தெரியாதவர் அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுவார்.

நடந்தது இதுதான். இந்தத் தொடர் போய்ச்சேரக்கூடிய இடங்கள் மூன்று: 5, 6, 100. சாதாரணமாக எங்கே தொடங்கினாலும் 100தான் இழுத்துக்கொள்ளும். 2, −4 என்ற தொடக்கம் மட்டும் பொறுக்கி எடுத்த தொடக்கம். அதில் 100இன் பங்கு மிகச் சரியாகப் பூஜ்ஜியம். ஆனால் கணினி ஏறத்தாழ 16 தசம இலக்கத்தோடு எண்களை நறுக்கிவிடும். நறுக்கியதும் பூஜ்ஜியமாக இருந்த பங்கு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றாகிவிடும். அந்தத் துரும்பு 6இன் பங்கோடு ஒப்பிட்டால் சுற்றுக்குச் சுற்று சுமார் 17 மடங்கு பெருகும். பதின்மூன்று சுற்றில் துரும்பு தூணாகிவிடும். இலக்கங்களைக் கூட்டினால் தப்பிக்கலாமா? 100 இலக்கம் வைத்துக்கொண்டால் விபத்து தள்ளிப்போகும், நிற்காது.

மேத்தமெட்டிகா இங்கேதான் தன் ஜாதகத்தைக் காட்டும். அங்கே 2, −4 என்று தசமப்புள்ளி இல்லாமல் கொடுத்தால் அது முழு எண்ணாகவே நினைத்துக்கொண்டு, வகுத்தல் வரும்போது பின்னமாகவே வைத்துக்கொள்ளும். 18.5 அல்ல, 37/2. நறுக்கலே கிடையாது. அதே லூப் இப்போது சமர்த்தாக 6ஐ நோக்கிப் போகும். விலை, பின்னத்தின் மேலும் கீழும் இருக்கும் எண்கள் நீண்டுகொண்டே போவது. ஆயிரமாவது சுற்றில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 780 இலக்கம் இருக்கும். இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை இல்லை. யாராவது தெரியாத்தனமாக 2க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து 2. என்று கொடுத்துவிட்டால் மறுபடி 100. ஒரு புள்ளி!

நறுக்கல் என்றதும் 0.1 நினைவுக்கு வராமல் இருக்காது. இரும எண் முறையில் பத்தில் ஒன்று என்பது முடிவில்லாத பின்னம். நமக்கு மூன்றில் ஒன்று எப்படியோ அப்படி. எக்ஸ் பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும், ஒன்றைவிடக் குறைவாக இருக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கூடட்டும் என்று வைல் லூப் எழுதினால் பத்து சுற்று ஓட வேண்டும். பதினொரு சுற்று ஓடும். பத்து தடவை 0.1 கூட்டினால் 0.9999999999999999தான் வருகிறது. ஒன்றுக்குச் சமமாகாத வரை ஓடு என்று எழுதியிருந்தால் நிற்கவே நிற்காது.

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது இதன் கொடூரமான வடிவம். அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு நொடி என்ற கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட் இடத்தில் நறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான பிழை. அமைப்பு நிறுத்தப்படாமல் 100 மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதாவது 36 லட்சம் எண்ணிக்கை. பிழை 0.34 நொடியாகிவிட்டது. ஸ்கட் ஏவுகணை நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் தவறான இடத்தில் அமைப்பு அதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏவுகணை படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள்.

எனவே சுற்றுகளை முழு எண்ணில் எண்ணுங்கள். 0, 1, 2, 3 என்று எண்ணிவிட்டு, தேவைப்படும்போது பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பிழை அங்கங்கே ஒரு நறுக்கலோடு நிற்கும், சேர்ந்து வளராது. மேட்லாபில் 0இலிருந்து 1 வரை 0.1 இடைவெளியில் என்று நேரடியாக எழுதும்போது அது உள்ளுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் அங்கே ஃபார் லூப் பிழைத்துக்கொள்கிறது, கையால் கூட்டும் வைல் லூப் மாட்டிக்கொள்கிறது.

கடைசியாக, வேகம் வேகம் என்று அலைபவர்களுக்கு ஒரு பழைய சரக்கு. 14ஆம் நூற்றாண்டு, கேரளத்தின் சங்கமக்கிராமம், மாதவர். 1 கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று, கழித்தல் ஏழில் ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தால் பை (π) மதிப்பில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும் என்ற தொடர் அவர் கண்டதாகத்தான் சொல்லப்படுகிறது. லூப் கற்றுக்கொடுக்கும் எல்லாப் புத்தகத்திலும் இது பயிற்சிக் கணக்காக இருக்கும், பெரும்பாலும் லைப்னிட்ஸ் பெயரோடு. ஆனால் இது சோம்பேறித் தொடர். ஆயிரம் உறுப்பு கூட்டி நான்கால் பெருக்கினால் 3.140592653 என்று வரும். மூன்றாவது தசமத்திலேயே தப்பு. பிழை ஏறத்தாழ உறுப்புகளின் எண்ணிக்கையால் ஒன்றை வகுத்த அளவு. ஒன்பது தசமம் சரியாக வேண்டுமென்றால் சுமார் 100 கோடி சுற்று. ஆக்டேவில் போட்டால் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரலாம். வெக்டரைஸ் செய்தால் 800 கோடி பைட் நினைவகம் வேண்டும். ஜூலியாவில் எழுதினால் நொடிகளில் முடியும்.

மேலே வந்த எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். 3.140592653. அந்த மூன்றாவது தசமம் ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் சரியாக இருக்கிறது! பிழை தறிகெட்டு இல்லை, அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. மாதவர் வழியினர் இதைக் கவனித்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் இந்தத் தொடரின் வால் பகுதிக்கான திருத்தங்கள் விளக்கத்தோடு இருக்கின்றன. முதல் திருத்தம் எளிது: இரட்டைப்படை எண்ணிக்கையில் நிறுத்தினால், எத்தனை உறுப்பு கூட்டினோமோ அதனால் ஒன்றை வகுத்து விடையோடு சேர். ஆயிரத்தில் ஒன்றைச் சேர்த்தால் 3.141592653 வந்துவிடுகிறது. அடுத்த திருத்தம் இன்னும் கூர்மை: எண்ணிக்கையின் நான்கு மடங்கை, எண்ணிக்கையின் வர்க்கத்தின் நான்கு மடங்கோடு ஒன்று கூட்டி வருவதால் வகுத்துச் சேர். இதைப் போட்டால் வெறும் 50 சுற்றிலேயே பிழை நூறு கோடியில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும்.

100 கோடி சுற்று செய்த வேலையை 50 சுற்று செய்கிறது. எந்த ஜிட்டும், எந்தக் கிராபிக்ஸ் கார்டும் இந்த மாதிரி லாபம் தராது. ராமானுஜன் 1914இல் வெளியிட்ட பைத் தொடர்களில் ஒன்று சுற்றுக்கு 8 இலக்கம் வீதம் கொடுக்கும். 1985இல் பில் கோஸ்பர் அதை வைத்தே ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கம் வரை கணக்கிட்டார். சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே வழியில் கண்ட தொடர் சுற்றுக்கு 14 இலக்கம் தரும். மேத்தமெட்டிகாவிடம் பையின் லட்சம் இலக்கம் கேட்டால் உள்ளே ஓடுவது அதுதான்.

மாதவர் கணக்கைச் செய்து பார்க்க மேட்லாப் உரிமம் தேவையில்லை. ஆக்டேவும் சைலாபும் இலவசம். சைலாபுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. லூப் எழுத நான்கு வரி, திருத்தத்துக்கு ஒரு வரி. எண்ணிக்கையை 10, 50, 100 என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒற்றைப்படையில் நிறுத்தினால் திருத்தத்தைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்பதை நான் சொல்லப்போவதில்லை. தப்பாகப் போட்டால் விடையே காட்டிக்கொடுத்துவிடும்.